வட்டை விதானையும் தோடம்பழக் குருவியும்

கரைக்காட்டு வட்டையில் அதுவரை நாற்பது வயதுக்குக் குறைந்த ஒருவர் விதானையாக இருந்ததில்லை. ஹாதிக் தெரிவானபோது அவனுக்கு முப்பத்தொரு வயதும் நான்கு மாதமும். பொத்துவிலுக்கு மேற்கே, காட்டு ஓரத்தில், ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் வயலுக்குத்தான் அந்தப் பெயர். எந்த நாளில் தண்ணீர் திறப்பது, யார் வயலுக்கு எத்தனை மணி நேரம், வாய்க்காலில் யார் எவ்வளவு தூரம் வெட்டுவது என்பதையெல்லாம் பார்ப்பது வட்டை விதானையின் வேலை. வயல் விளைந்தால் மழைக்குப் பேர், காய்ந்தால் விதானைக்கு ஏச்சு. அப்படிப்பட்ட வேலையை ஆசைப்பட்டு எடுத்தவன் அவன்.

போகம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் பங்கு வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்க வேண்டும். பங்கைப் பாகத்தால் அளப்பது வழக்கம். இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு பாகம். ஆளுக்கு ஆள் கை வேறு என்பதால், நெடிய மனிதர்கள் தங்கள் பங்கை அளக்கும் நாளில் வீட்டிலுள்ள குட்டையான ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவார்கள். ஹாதிக் முதல் போகத்திலேயே ஆறடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிற்றோடு வந்து நின்றான். வட்டையின் மூத்த வயல்காரரான மீராமுகைதீன் ஹாஜியார் அதை விரலால் தூக்கிப் பார்த்தார்.

“என்ன மருமகன், கபுறுக்குழி அளக்கிற கயிறா?”

“ஒங்கட பங்கு அளக்கிற கயிறு மாமா. ரெண்டுக்கும் நீளம் ஒண்டுதான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்குக் ‘கயித்து விதானை’ என்று பட்டம். பட்டம் வைத்தவர்களே, அடுத்த போகத்தில் வாய்க்கால் சண்டை ஒன்றுகூட வரவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

அவன் பிறந்தது பொத்துவிலில் அல்ல, சாய்ந்தமருதில், கடலுக்கு எழுபது அடி தூரத்து வீட்டில். கடல் ஊருக்குள் வந்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் மீன்பிடிக்கப் போகவில்லை. பதினாறாம் வயதில் படிப்பை விட்டான். இருபத்துநான்கில் முஸ்பிறாவைக் கலியாணம் முடித்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிபோனான். முஸ்பிறாவின் வாப்பா கொடுத்த இரண்டரை ஏக்கர்தான் அவனை வயல்காரனாக்கியது. அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில் அறுகம்பை ஹோட்டல் ஒன்றில் தோட்ட வேலையும் கண்ணாடி துடைக்கும் வேலையும் செய்தான்.

குருவியை முதன்முதலில் கண்டது அந்த ஹோட்டலில்தான். தோட்டத்தைப் பார்த்தபடி தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி. ஒரு காலை ‘டக்’ என்று சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், சிமெந்துத் தரையில் ஒரு பறவை மல்லாந்து கிடந்தது. ஒரு சாணுக்கும் குறைந்த உடம்பு. தோடம்பழத் தோல் போன்ற செம்மஞ்சள் நிறத்தில் அலகும் கால்களும். நெஞ்சு மஞ்சள். முதுகு கருநீலம். உச்சந்தலையில், வெயில் பட்டபோது மட்டும், கத்தரிப்பூ நிறம் ஓடி மறைந்தது. காலில் மூன்றே விரல்கள். ஒரு விரல் முறிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து மற்றக் காலையும் பார்த்தான், அதிலும் மூன்றுதான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அதற்குள் வைத்தான். ஒரு தேசிக்காயின் பாரம்கூட இல்லை. நிழலில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்தான். இருபத்திமூன்றாவது நிமிடம் அது எழும்பி, அவனை ஒருமுறை பார்த்து, எறிந்த கல் போல நேரே காட்டுப் பக்கம் போயிற்று.

அதற்குப் பெயர் என்னவென்று அங்கு யாருக்கும் தெரியவில்லை. அவனே ‘தோடம்பழக் குருவி’ என்று வைத்தான். மறுநாள் சவர்க்காரத்தைக் குழைத்து அந்தக் கண்ணாடி முழுக்க நான்கு விரலுக்கு ஒரு கோடு போட்டான். முதலாளி கத்தினார். “கோடு இருந்தாப் பறவைக்குக் கண்ணாடி தெரியும் சேர். இல்லாட்டி நான் தினமும் செத்த குருவி பொறுக்கணும்” என்றான். கோடு நின்றது. அந்தப் பருவத்தில் அங்கே வேறு பறவை சாகவில்லை.

திருக்கோவிலில் விஞ்ஞானம் படிப்பிக்கும் பவிதரன் என்ற மாஸ்டர் அந்த ஹோட்டலுக்குப் பறவை பார்க்க வருபவர். ஹாதிக் எடுத்திருந்த படத்தைக் கண்டு அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அது காட்டுக்குள் வாழும் குட்டி மீன்கொத்தி என்றும், பேர் மீன்கொத்தியே தவிர, தவளை, பல்லி, சிலந்தி, சிறு நண்டுதான் அதன் சாப்பாடு என்றும் சொன்னார். நிழல் மரமும் நீரோடையும் செங்குத்தான மண்கரையும் மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அது குடியிருக்கும். மரத்தை விட்டாலும் கரையை விடமாட்டார்கள் மனிதர்கள், சரித்துச் சமப்படுத்திவிடுவார்கள். அதனால்தான் கண்ணில் படுவது அருமை என்றார். ஹாதிக் அதை மனதில் எழுதிக்கொண்டான்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம், மார்ச் இருபத்துநான்காம் திகதி செவ்வாய்க்கிழமை, சிறுபோகத்துக்காக அவன் வாய்க்கால் அளந்துகொண்டு போனான். காட்டுப் பக்கக் கரையில், பெரிய மருதமரத்துக்குக் கீழே, மண் சரிந்து வாய்க்கால் ஒடுங்கிப்போன ஒரு இடம் இருந்தது. நீளம் ஆறு பாகம். அங்கே, வாய்க்கால் அடியிலிருந்து மூன்றடி இரண்டு அங்குல உயரத்தில், கரையில் ஒரு துவாரம். அவன் வயல் வரம்பில் குந்தி ஒரு மணி நேரம் பார்த்தான். முதலில் ஒரு சிறு சத்தம், ஊசியால் தகரத்தைக் கீறியது போல. பிறகு தோடம்பழ நிறத்தில் ஒரு கோடு வந்து துவாரத்துக்குள் நுழைந்தது. உடனே உள்ளே இருந்த மற்றது வெளியே போயிற்று. முறை வைத்து அடைகாக்கின்றன.

சரிந்த கரையை வெட்டித் திருத்துவதற்கு அந்த முறை வட்டைக்காரர் சங்கம் பெக்கோ மெசின் பிடித்திருந்தது. ஹாதிக்கிடம் ஒரு ஒழுங்கு உண்டு. ஆள் வெட்டும் இடத்துக்கு வெள்ளைத் துணி, மெசின் வெட்டும் இடத்துக்குச் சிவப்பு. துணி எல்லாம் சாய்ந்தமருதிலிருந்து அவனுடைய அக்கா, நபீஸா ராத்தா, அனுப்புவாள். அவள் வீட்டில் தையல் செய்பவள். அன்றைக்கு ஆறு பாக இடத்துக்கு வரும்போது பையில் மிஞ்சியிருந்தது, மதுறசா ஜன்னல்களுக்குத் திரை தைத்த பச்சைத் துணியில் ஒரு துண்டு. ஆறடிக் கம்பொன்றை வெட்டி, துணியைக் கட்டி, துவாரத்துக்கு நேர் மேலே கரையில் ஊன்றினான். மெசின் ஓட்டும் அஸ்பாக்கிடம் சொன்னான்:

“பச்சை இரிக்கிற இடத்துல கை வெக்காத. நான் வந்து சொல்றன்.”

“ஏன் காக்கா?” என்றான் அவன், அண்ணன் முறை வைத்து.

“வெக்காத எண்டா வெக்காத.”

குருவி என்று சொன்னால் பொடியன்கள் கம்பு விட்டுக் குடைவார்கள் என்று பயந்து காரணத்தைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தரம் யோசித்துச் செய்பவன், அந்த ஒன்றை ஒரு தரம்கூட யோசிக்கவில்லை.

ஏப்ரல் மூன்றாம் திகதி, ராத்தாவின் மகள் அம்ஹாவின் கலியாணத்துக்காகக் குடும்பத்தோடு சாய்ந்தமருதுக்குப் போனான். ஏழாம் திகதி விடியற்காலை வட்டைக்குத் திரும்பி வந்தவன், மருதமரத்துக்குக் கிட்டே வரும்போதே மூக்கைச் சுளித்தான். சாம்பிராணி மணத்தது.

கம்பைச் சுற்றி மண் குவித்துத் தண்ணீர் தெளித்து மெழுகியிருந்தது. நான்கு மூலையிலும் சந்தனக்குச்சிகள். மேலே வெள்ளை வேட்டி ஒன்று பந்தலாகக் கட்டியிருந்தது. இரண்டு பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக் கையேந்தி நின்றார்கள். வாய்க்கால் மற்ற இடமெல்லாம் பளிச்சென்று வெட்டி முடிந்து, அந்த ஆறு பாகம் மட்டும் தொடாமல் கிடந்தது. மெசினில் சாய்ந்து நின்ற அஸ்பாக் அவனைக் கண்டதும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றினான்.

“முதல்லயே சொல்லிரிக்கலாமே காக்கா.”

“என்னத்தடா?”

“இஞ்ச பெரிய அவுலியா ஒராள் அடங்கிரிக்கார் எண்டு.”

“யாருடா சொன்ன?”

“யாரு சொல்லணும்? பச்சைக்கொடி ஏத்தினது நீங்க. கை வெக்காத எண்டதும் நீங்க. மறுகா, நானே கண்டன் காக்கா. சுபஹு தொழுகை முடிஞ்சு வாறன், மண்ணுக்குள்ள இருந்து நெருப்புப் பொறி மாதிரி ஒண்டு வந்து காட்டுக்குள்ள போகுது. உடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு. ஊட்டுல அவ மாசமா இரிக்கா. நல்லபடி பெத்தெடுக்கணும் எண்டு நிய்யத்தும் வெச்சிட்டன்.”

தான் கட்டிய துணி ஒரு மகானின் ஸியாரத்தை, அடக்கத்தலத்தையே உண்டாக்கிவிட்டது ஹாதிக்குக்குத் தெரிந்தது. வந்த சிரிப்பை விழுங்கினான். ஏனென்றால், மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் தோடம்பழக் குருவி இருந்தது. அதன் அலகில் ஒரு சிறு நண்டு. குஞ்சு பொரித்துவிட்டது என்று அவனுக்கு விளங்கியது. ஆனால் துவாரத்துக்குமேல் ஆள் நிற்பதால் அது இறங்கவில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டியபடி அப்படியே இருந்தது. அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். நாற்பத்தேழு நிமிடம். பெண்கள் போனபிறகுதான் அது உள்ளே நுழைந்தது. அதற்குள் சைக்கிளில் இன்னும் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

பவிதரன் மாஸ்டருக்கு அழைத்தான். சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கிவிட்டால் குஞ்சுகள் பறக்க ஏறக்குறைய இருபது நாள் ஆகும் என்றார் அவர். அவன் ஊருக்குப் போன நாளில் பொரித்திருந்தால், ஏப்ரல் இருபத்திரண்டோ இருபத்திமூன்றோ. தண்ணீர் திறப்பது பதினைந்தாம் திகதி. அந்த ஒடுக்கத்தை வெட்டாமல் விட்டால் இரண்டு கேடு: தண்ணீர் அங்கே முட்டி ஏறித் துவாரத்தை மூடும், கடைசி வயல்களுக்குப் போய்ச் சேராது. வெட்டினால் ஒரே கேடு: கூடு இல்லை.

அன்று பின்னேரம் முஸ்பிறாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பிளேன்டீக் கோப்பையை அவன் முன்னால் வைத்தாள்.

“நீங்க வாயப் பொத்திட்டு இரிந்தா அந்தக் கரையில யாரும் மண்வெட்டி வெக்கமாட்டாங்க. உண்மையச் சொன்னா நாளைக்கே மெசின் ஏறும். ஒங்கட விதானை வேலையும் அதோட போகும். அது வெளங்குதா?”

“வெளங்குது. ஆனா இவங்க இப்பிடியே வந்து நிண்டா குஞ்சு பட்டினியில மவுத்தாப் போயிரும். அதுக்கும் மேல, இல்லாத அவுலியாவ நான் உண்டாக்கினவனாகிருவன்.”

“அப்ப ஏன் என்னட்டக் கேக்கிறீங்க? முடிவெடுத்துட்டீங்களே.”

ராத்தாவுக்கும் போன் எடுத்தான். நபீஸா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“தம்பி, அது என்ட துணி. என்ட துணியில ஒரு பொய் தொங்கக்கூடா. கட்டின கையாலயே அவுத்துரு.”

“வேலை போனா?”

“வேலை போனா இன்னொண்டு வரும். ஒன்ட பேச்ச நாலு பேர் நம்புறதுக்குத்தானே அந்த வேலையே தந்தாங்க.”

மறுநாள், புதன்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு வட்டைக்காரர்கள் எல்லோரையும் வாய்க்காலின் தலைமதகான துருசடிக்கு வரச்சொன்னான். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். கையில் பச்சைத் துணியோடு நடுவில் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னான்.

“அந்த இடத்துல யாரும் அடங்கல்ல. இந்தத் துணிய நான்தான் கட்டினன், பையில இது மட்டும் மிஞ்சினதால. அஸ்பாக் கண்டது ஒரு குருவி. அது கரைக்குள்ள குஞ்சு பொரிச்சிரிக்கி. அத மெசின் வெட்டிரும் எண்டுதான் தடுத்தன். காரணத்தச் சொல்லாதது என்ட பிழை. யாருட மனசும் நொந்திருந்தா மன்னிச்சுக்கங்க.”

மீராமுகைதீன் ஹாஜியார் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஸியாரம் கட்டின விதானையக் கேள்விப்பட்டிரிக்கன். குருவிக்கு ஸியாரம் கட்டின விதானைய இண்டைக்குத்தான் பாக்கிறன்!”

“அந்த வேட்டி என்டது காக்கா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “புதுசு. பெருநாளைக்கு எடுத்தது.”

“என்ட நிய்யத்து?” என்றான் அஸ்பாக், அழாக்குறையாக.

“நிய்யத்து குருவிக்கா வெச்ச? அல்லாஹ்வுக்குத்தானே வெச்ச. அது போய்ச் சேரும், நீ பயப்படாத” என்றான் ஹாதிக்.

சிரித்தவர்களோடு சேர்ந்து சிரிக்காதவர் ஒருவர். கோமாரி ஊர்க்காரர் செல்லத்தம்பி. வாய்க்காலின் கடைசி மூன்று ஏக்கர் அவருடையது. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அந்த வயல்தான். அவர் எழும்பி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“விதானையார், ஒரு கதை. உங்கட பெரியவர் அடங்கின இடமெண்டாங்க, நான் வாய் திறக்கல்ல. எங்கட கோயில் மரத்த நீங்க வெட்டச் சொல்லுவீங்களா? அந்த மரியாதை. இப்ப குருவி எண்டுறீங்க. குருவிக்காக என்ர வயல் காயவேணுமோ?”

அங்கே இருந்த எல்லாப் பேச்சிலும் ஹாதிக்கைக் குத்தியது அந்த ஒன்றுதான். ஏனென்றால் அது நியாயம்.

“காயாது அண்ணன். காட்டுப் பக்கம் வெட்டாம, எதிர்ப் பக்கம் வெட்டுவம். ஆறு பாக நீளம், ரெண்டடி அகலம், மூண்டரை அடி ஆழம். நான் அளந்து பாத்திட்டன்.”

“எதிர்ப் பக்கம் மெசின் பாதை” என்றார் ஹாஜியார் உடனே. “அறுவடைக்கு வெட்டுமெசின் வானத்தால வாறதா?”

“பாதை பதின்மூண்டடி மாமா. ரெண்டடி போனாலும் பதினொண்டு மிச்சம். வெட்டுமெசினுட அகலம் பத்தரை. மண்மூட்டை அடுக்கி முளையடிச்சுத் தாறன். குஞ்சு பறந்தாப் பிறகு, அறுவடைக்கு முன்னம், திருப்பி நிரப்பியும் தாறன்.”

“யாரு வெட்டுற? பெக்கோ ஏறினாப் பாதை சரியும்.”

“நான் வெட்டுறன். கையால.”

“தண்ணி வராட்டி?”

ஹாதிக் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தான். “தண்ணி திறந்த அண்டைக்கே செல்லத்தம்பி அண்ணன்ட வயலுக்குப் போய்ச் சேரல்ல எண்டா, அஸ்பாக் மெசினக் கொண்டுவந்து கரைய வெட்டட்டும். நானும் விதானை வேலையக் குடுத்துர்ரன். வேற ஆளப் பாத்துக்கங்க.”

ஹாஜியார் தாடியைத் தடவினார். செல்லத்தம்பியைப் பார்த்தார். செல்லத்தம்பி, “அண்டைக்கே” என்றார் ஒற்றைச் சொல்லாக. கூட்டம் கலைந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் தனியாக மண்வெட்டி போட்டான். கோடை வெயிலில் காய்ந்த வண்டல் மண் இரும்பு மாதிரி. ஒவ்வொரு வெட்டும் தோளில் வந்து குத்தியது. குருவிகள் முதலில் மிரண்டு தூரப் போயின. அதைக் கண்டு அவன் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டான். அரை மணி நேரம் வெட்டுவது, பிறகு நாற்பது எட்டு வைத்துத் தள்ளிப்போய் இருபது நிமிடம் இருப்பது. அந்த இருபது நிமிடத்தில் அவை மாறி மாறி வந்து ஊட்டிவிட்டுப் போயின. பின்னேரமாகும்போது, அவன் வெட்டிக்கொண்டு நிற்கும்போதே ஒன்று துணிந்து உள்ளே போயிற்று. அன்று முடித்தது ஒன்றரைப் பாகம். உள்ளங்கையில் நான்கு கொப்புளம்.

வெள்ளிக்கிழமை விடிய, சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு செல்லத்தம்பி வந்தார்.

“உதவிக்கு வந்தீங்களா அண்ணன்?”

“சும்மா கதையாத. என்ர தண்ணி வாற வழி. கோணலா வெட்டிரிக்கிறியோ எண்டு பாக்க வந்தன்.” பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இறங்கினார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஹாதிக் இரண்டு வெட்டு வெட்டும் நேரத்தில் மூன்று வெட்டினார். ஜும்ஆத் தொழுகைக்கு ஹாதிக் போய் வரும்வரைக்கும் அவர் நிற்காமல் வெட்டியிருந்தார்.

சனிக்கிழமை அஸ்பாக் மண்மூட்டைகளோடு வந்தான். முஸ்பிறாவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவரும் மூட்டைகளுக்கு மண் நிரப்பினார்கள். அந்த இருவரும் பச்சைக்கொடியின் கீழ்க் கையேந்தி நின்றவர்கள்தான். குருவியை ஒருமுறை காட்டச் சொன்னார்கள். பார்த்துவிட்டு, “இதுக்கா நாங்க சாம்பிராணி புடிச்ச?” என்று ஒருத்தி கேட்க, மற்றவள், “நல்ல குருவிதானேகா, புடிச்சா என்ன?” என்றாள். ஹாஜியார் வேலைக்கு இறங்கவில்லை. குடையை விரித்துப் பாதையில் நின்று, முளை சரியில்லை, மூட்டை சரியில்லை என்று மூன்று மணி நேரம் குறை சொன்னார். அவர் சொன்ன குறைகளில் இரண்டு சரி. ஹாதிக் அவற்றைத் திருத்தினான். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு ஆறு பாகமும் முடிந்தது.

பதினைந்தாம் திகதி காலை ஏழு மணிக்குத் துருசு திறந்தது. தண்ணீரின் ஓட்டத்தைப் பார்க்க ஹாதிக் ஒவ்வொரு போகமும் செய்வது ஒன்றுண்டு. முதல் தண்ணீரில், காய்ந்து உதிர்ந்த ஒரு தென்னங்குரும்பட்டியை விடுவான். அது கடைசி வயலுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது என்று கொப்பியில் குறித்து வைப்பான். போன வருடம் இரண்டு மணி ஐம்பது நிமிடம். அன்றும் அதை மிதக்க விட்டுவிட்டு மருதமரத்தடிக்கு ஓடினான்.

நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. புதிதாக வெட்டிய பக்கம் விரிந்து ஓடியது. மண்மூட்டைகள் ஊறிப் பெருத்தன, சரியவில்லை. கரையில் தண்ணீர் ஏறிக்கொண்டே போயிற்று. இரண்டடி. இரண்டடி நான்கு அங்குலம். துவாரத்துக்கு நேர் கீழே அவன் ஊன்றிவைத்திருந்த அளவுக்கம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டடி ஏழு. உள்ளேயிருந்து குஞ்சுகளின் சத்தம் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இரண்டடி எட்டு அங்குலத்தில் தண்ணீர் நின்றது. கால் மணி நேரம் பார்த்தான். அதற்குமேல் ஏறவில்லை. துவாரத்துக்கு இன்னும் அரையடி மிச்சம்.

கரை பிழைத்துவிட்டது. ஆனால் கொடுத்த வாக்கு இன்னும் நிறைவேறவில்லை. துருசடியில் ஹாஜியாரும் பதினைந்து பேரும் காத்திருந்தார்கள். ஹாதிக் அங்கே போய் அவர்களோடு நின்றான். ஒன்பது மணி. ஒன்பதேகால். யாரோ பீடி பற்றவைத்தார்கள். ஒன்பது முப்பத்தாறுக்கு அவனுடைய போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினான்.

“விதானையார்!” என்றது செல்லத்தம்பியின் குரல். “உன்ர குரும்பட்டி என்ர காலில வந்து முட்டுது. தண்ணி கணுக்காலுக்கு வந்திட்டுது.”

இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம். போன வருடத்தைவிடப் பதினான்கு நிமிடம் முந்தி. ஹாதிக் கொப்பியை எடுத்தான். அவசரத்தில் ஆறு எட்டுப் போல விழுந்தது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினான். ஹாஜியார் எழும்பி வேட்டியைத் தட்டினார்.

“அப்ப வேற விதானை தேடுற வேலை இல்ல” என்றார். “குருவிக்கும் சேத்துத் தண்ணி பங்கு வெச்சிட்டான், இவன இனி அசைக்க ஏலாது.” சொல்லிக்கொண்டே ஹாதிக்கின் தோளில் தட்டினார். வெட்டு வேலையில் வீங்கிய தோள், அவன் துள்ளிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

இருபத்தோராம் திகதி காலை முதற்குஞ்சு வெளியே வந்தது. அன்றே நபீஸாவுக்குச் செய்தி போயிற்று. தைக்கக் கிடந்த ஏழு சட்டைகளை அப்படியே மடித்து வைத்துவிட்டு, அவள் பின்னேர பஸ்ஸில் பொத்துவிலுக்கு வந்து இறங்கினாள்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு வாய்க்கால் வரம்பில் அவளுக்கு உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. குருவி பார்க்க இருபது பேராவது வந்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் மருதமரத்துக்குக் கிட்டே போகவில்லை. நாற்பது எட்டுத் தள்ளி ஒரு கோடு கிழித்து, கோட்டைத் தாண்ட வந்தவர்களைக் கையால் தடுத்துக்கொண்டு நின்றவர் மீராமுகைதீன் ஹாஜியார். “சத்தம் போடாதீங்க! விதானைட உத்தரவு!” என்று அவர் போட்ட சத்தம்தான் பெரிய சத்தம்.

எட்டு நாற்பதுக்குத் துவாரத்தின் வாயில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. தாயின் அலகு போல இல்லை. குட்டையானது, நுனியில் வெள்ளை. வெளியே பார்த்தது. உள்ளே போனது. திரும்ப வந்தது. எதிர்க் கிளையிலிருந்து தாய் ஊசிக் குரலில் ஒருமுறை கூப்பிட்டது. குஞ்சு விழுந்தது என்றுதான் நபீஸா நினைத்தாள்; நெஞ்சில் கை வைத்துவிட்டாள். தண்ணீருக்குச் சற்றுமேல் அது சிறகை விரித்து, தள்ளாடி, மருதமர வேரில் போய் ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே இன்னொன்று. முதல் நாள் வந்ததோடு சேர்த்து மூன்று பேரும் சுகமாக வந்துவிட்டார்கள்.

“மாஷா அல்லாஹ்” என்று நபீஸாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் மூச்சுவிட்டாள். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க எந்த ஊரு? இஞ்ச கண்டதில்லையே.”

“சாய்ந்தமருது.”

“குருவி பாக்கவா அங்கயிருந்து வந்தீங்க?”

வாய்க்காலின் அந்தப் பக்கம், முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, அளவுக்கம்பைப் பார்த்துக் கொப்பியில் எதையோ குறித்துக்கொண்டிருந்தான் ஹாதிக். வெயிலில் கறுத்துப் போயிருந்தான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

“அந்தா நிக்கிறாரே ஒங்கட விதானையார்,” என்றாள் நபீஸா. “அவர் என்ட தம்பி. அவரப் பாக்க வந்தன்.”

அந்தப் பெண் உடனே எழும்பி, தான் இருந்த பாயை அவளுக்கு விரித்துக் கொடுத்தாள்.